எதிர்க்கடை

சொந்தமாகக் கடை தொடங்கப் போகிறேன் என்று நெட்டை வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆளாளுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் "நல்லா பெருசா போர்டு மாட்டு" என்றார். வங்கி மேலாளர் "முதல் நாளே எல்லாத்தையும் வாங்கிப் போடாதீங்க, தொழில் ஓட ஓட வாங்கிக்கலாம்" என்றார். லாரி முதலாளியோ "வாடிக்கை எங்க இருக்கோ அங்க போய் உக்காருப்பா" என்றார். லாரி டயர் வேலைக்கு அந்தப் பக்கத்தில் வாடிக்கை இருந்தது ஒரே இடத்தில்தான். அக்கா புருஷன் கடையில். நெட்டை பத்து வருஷம் வேலை பார்த்த கடை அது. அதற்கு நேர் எதிரே போய்ப் பலகையை மாட்டினான், மகா புத்திசாலி!

கடை திறப்பதற்கு முந்தின நாளே அக்கா வந்து எச்சரித்தாள். புருஷனுக்குச் சமமாக டயர் உருட்டுகிறவள் அவள்.

"அவரு கோபம் உனக்குத் தெரியும். வந்து நாலு போடு போடுவாரு, வாங்கிக்க. திருப்பிக் கை ஓங்கினே, எனக்குத் தம்பியே இல்லைன்னு தலை முழுகிடுவேன்."

அப்பா அம்மா இல்லாதவனை வளர்த்து ஆளாக்கியவள். "சத்தியமா ஓங்க மாட்டேன்க்கா" என்றான் நெட்டை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் லாரி முதலாளி ஒரு வண்டியை அனுப்பினார். "பன்னெண்டு மணிக்குள்ள இது கிளம்பிட்டா, என்னோட பன்னெண்டு லாரியும் இனி உன்கிட்டதான்." அவை அத்தனையும் அதுவரை மாமாவின் வாடிக்கை. பிறகு சும்மா இருப்பாரா மனுஷன்?

பதினொரு மணிக்கு டயர் தரையில் கிடந்து காற்று ஏறிக்கொண்டிருந்தபோது மாமா சாலையைத் தாண்டி வந்தார், கையில் பெரிய சுத்தியலோடு.

"என் சோத்தைத் தின்னுட்டு என் வயித்துலயே அடிக்கிறியாடா?"

முதல் அடியில் பலகை இரண்டாகப் பிளந்தது. அடுத்ததில் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. "மாமா, உக்காந்து பேசிக்கலாம்" என்று கிட்டே போனவனின் வாயிலேயே குத்து விழுந்தது. பல் ஒன்று தெறித்தது. கீழே விழுந்தவன் விலாவில் மிதித்தார். முடியைப் பிடித்துத் தூக்கி, கம்ப்ரசர் தொட்டியில் தலையை மோதினார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நெட்டை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். கோத்த விரல்கள் பிரியவில்லை. லாரி டிரைவர் "ஐயையோ, விடுங்கய்யா!" என்று தூர நின்று கத்தினார். சுத்தியல் வைத்திருப்பவரிடம் எவன் போவான்?

அடித்தும் ஆத்திரம் தீராமல் மாமா டயர் பக்கம் திரும்பினார். "இதை வச்சுத்தானே என் பொழப்பைக் கெடுக்கிறே!"

நெட்டைக்கு உயிரே போய்விட்டது. லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். காற்று ஏறும்போது அதில் அடி விழுந்தால் வளையம் பிய்த்துக்கொண்டு பறக்கும், குனிந்திருப்பவன் தலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. அதனால்தான் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பார்கள். கூண்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான் இந்தப் பாவி. மாமாவுக்குத் தெரியாத விஷயமா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் அடி ரப்பரில் பட்டுத் துள்ளியது. வளையம் ஒரு விரல் அளவு நகர்ந்து சீறியது. சுத்தியல் மறுபடியும் மேலே போனது.

"மாமா, காத்து! உள்ள காத்து இருக்கு!"

அவர் காதில் ஏறவில்லை. நெட்டையின் கைகள் பிரிந்தன. டயர் கழற்றும் கடப்பாரையை எடுத்து, இருந்த பலமெல்லாம் கூட்டி அவர் வலது முழங்கையில் இறக்கினான். மளுக்கென்று சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அலறிய மனுஷனைச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப்போய்க் காற்றைத் திறந்து விட்டான்.

காற்றெல்லாம் போய் அடங்கியபோது அக்கா வாசலில் நின்றாள்.

"உன் தம்பி என் கையை உடைச்சுட்டான்டி!" என்று மாமா தரையில் புரண்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். தம்பியின் கிழிந்த வாயைப் பார்த்தாள். பிறகு டயரிடம் போய்க் குனிந்து, நகர்ந்திருந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொழில் தெரிந்தவள், நடந்தது புரிந்துவிட்டது.

"நீ அடிக்கலேன்னா இந்நேரம் இவரு பொணம்" என்றாள். "உன் மேல தப்பில்லடா."

நெட்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா..."

"ஆனா வலது கை போச்சே. அது சேர்றவரைக்கும் எங்க கடையை நான் ஒருத்தியா எப்படி நடத்துறது? இதைச் சாத்திட்டு வந்துடேன்டா. ஒரு ஆறு மாசம்."

வந்துடறேன்க்கா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"அண்ணே, மணி பதினொண்ணரை ஆகுது" என்றார் டிரைவர்.

நெட்டை டயரைப் பார்த்தான். அக்கா பதிலுக்காக நின்றாள். பிறகு புருஷனின் நல்ல கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கி, மெதுவாகச் சாலையைக் கடந்தாள். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவன் அப்போது குனிந்து வளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். லாரி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கிளம்பிவிட்டது.