கேட்காமல் விட்ட காய்

“அண்ணி, நெத்தியில முத்தம் குடுத்துட்டு நகருங்க. பெட்டிய மூடணும்,” என்று மரியம்மாள் ஃப்ளோராவின் காதருகே கத்தினாள். அண்ணன் செத்த துக்கத்திலும் நாத்தனாருக்குத் தொண்டை அடைக்கவில்லை.

“மெதுவாச் சொல்லு மரியம். கேக்குது.”

கேட்கத்தான் செய்தது. காய்ச்சலில் செவி போய்ப் பல வருஷம் ஊமைப்படம் பார்த்தவளுக்கு, ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி வைத்தார்கள். வைத்ததும் எல்லாம் விளங்கிவிடவில்லை. மனிதக் குரலெல்லாம் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போலிருந்தது. கணவர் ஆண்டனிதான் விடவில்லை. புனேயின் லோஹேகாவ் சந்தையிலிருந்து வந்ததும் பையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார். உதட்டசைவைப் பார்த்து அவள் கண்டுபிடித்துவிடாதபடி கையால் வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு காயின் பெயராகச் சொல்வார். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் விரலால் ஒரு தட்டு. தப்பென்றால் அன்றைக்கு அந்தக் காய்தான் சமையல். பாகற்காயைக் கண்டாலே ஆகாத ஃப்ளோராவுக்கு அந்தப் பெயர்தான் முதலில் பிடிபட்டது.

நேற்று ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அவர் ஏதோ முனகினார். மகன் கிரேக் குனிந்து கேட்டான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. காதுக்கு ஒரு குறையுமில்லை, தமிழ்தான் மந்தம்.

“மம்மி, டாடி என்ன சொல்றாங்க? பானி, தண்ணி வேணுமா?”

“இல்லடா. பீர்க்கங்காய்ங்கிறாங்க.”

கிரேக் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “பேட்டரி மாத்தவா மம்மி?”

அவள் கணவரிடம் குனிந்து, “பீர்க்கங்காய்,” என்றாள். போர்வையின் மேல் ஆண்டனியின் விரல் ஒருமுறை தட்டியது.

அப்புறம் இன்னொன்று சொன்னார். மெஷின் இரைச்சலில் அது மட்டும் பிடிபடவில்லை. “இன்னொரு தடவ சொல்லுங்க,” என்று கெஞ்சினாள். அவருக்கு மூச்சு போதவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இன்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் காதுக்குள் கத்திக் கத்தி மண்டை வலித்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எங்காவது கட்டையைக் கிடத்தினால் போதும் என்றிருந்தது. கழற்றவில்லை. அந்த ஒரு வார்த்தை தெரியாமல் அவரை அனுப்ப மனம் வரவில்லை.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முத்தம் கொடுத்தாள். நிமிரவில்லை.

“புடலங்காயா?”

“அண்ணி,” என்றாள் மரியம்மாள். இப்போதுதான் மெதுவாக.

“கொத்தவரங்காயா?”

ஃபாதர் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். கிரேக் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

“பாகற்காயா?” என்று கேட்டுவிட்டு ஃப்ளோரா, ஜெபமாலை சுற்றியிருந்த ஆண்டனியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.