இடப்பக்கம் மலை

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், எழில் இடது கையால் திருநீறு பூசிக்கொண்டதுதான். நான் பில் போடும் பாத்திரக் கடையின் பின்னறையில், அண்டாக்களுக்கு நடுவில், கைபேசியை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து அந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எழில் என் பாடகி. என் பாடகி என்றால், அவளுக்கு என்னைத் தெரியாது. அது ஒரு குறையா என்ன. அவள் வெறும் பாட்டு போடுகிறவள் இல்லை. ஒவ்வொரு வீடியோவிலும் எதையாவது ஒளித்து வைப்பாள். முன்பு ஒரு பாட்டில் சுவர்க்கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது. அது அவள் அப்பா இறந்த நேரமாக இருக்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஊகித்தோம். பிறகு ஒரு பேட்டியில் அவளே ஆமாம் என்றாள். அன்றிலிருந்து எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவள் தும்மினாலும் அதற்கு உரை எழுத ஆள் இருக்கிறது. அதில் முதல் ஆள் நான்தான்.

இந்தப் புதிய பாட்டு பௌர்ணமியன்றுதான் வெளியாக வேண்டும். அதற்குள் யாரோ திருட்டுத்தனமாகக் குழுவில் போட்டுவிட்டார்கள். எங்கள் கடை இருக்கும் ஊரின் கிரிவலப் பாதையில் எடுத்திருந்தது. பனி மூடிய விடியற்காலை, ஆளில்லாத சாலை, எழில் தனியாக நடக்கிறாள். முந்தானை வலது தோளில். திருநீறு இடது கையில். அதைவிட, மலை அவளுக்கு இடப்பக்கம். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் உலகமே சுற்றுகிறது. இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக்குடம் தூக்குகிறவன்தான்.

குழு கொதித்தது. வேலூர்க்காரி ஒருத்தி, இது எழவுப் பாட்டு என்றாள். எதிர்க்கடையில் செல்போன் பழுதுபார்க்கும் அருண்பிரசாத்தான் குழுவுக்கு அட்மின். அவன் காதல் தோல்வி என்று அடித்துச் சொன்னான். அவனுக்கு எல்லாமே காதல் தோல்விதான். நான் எதுவும் எழுதவில்லை. பாட்டின் நடுவில் ஒரு வரி வந்தது: "முதுகுகளின் ஊரில் ஒரு முகம் கேட்டேன்." கையில் எடுத்த சோற்றுக் கவளத்தை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டேன்.

என் அண்ணன் ஆதவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்ஜினியரிங்கில் அரியர் வைத்ததை மறைத்துவிட்டான் என்று, எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் அப்பா அவனை அறைந்தார். அன்று சாயங்காலம் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். போன வருஷம் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் கண்ணாயிரம் மாமா வந்து, பௌர்ணமிக் கூட்டத்தில் ஆதவனைப் பார்த்ததாகச் சொன்னார். "குபேர லிங்கத்தாண்ட பாத்தேன். தாடி வச்சிருந்தான். கூப்புடறதுக்குள்ள கூட்டம் இழுத்துக்கினு போயிடுச்சு." அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா மலை சுற்ற வந்துவிடுவாள். கடை முடிந்து நானும் சேர்ந்துகொள்வேன். எங்கள் முன்னால் லட்சம் பேர் போவார்கள். சட்டை, பை, பின்னல், மொட்டைத் தலை. அவனைப் போல ஒரு தோள் தெரிந்தால் அம்மா முண்டியடித்து முன்னால் ஓடி, திரும்பிப் பார்ப்பாள். வேறு யாராவது இருக்கும். "மன்னிச்சுக்கோ தம்பி" என்பாள். வீடு திரும்பும்போது கால் வலியைவிட அந்த 'மன்னிச்சுக்கோ'தான் என்னை வாட்டும்.

எல்லோரும் ஒரே பக்கம் நடக்கிற ஊரில் முதுகைத் தவிர என்ன தெரியும்? முகம் பார்க்க வேண்டுமென்றால் எதிரே நடக்க வேண்டும். எழில் யாரையோ தேடுகிறாள். அதற்குத்தான் மலையை இடப்பக்கம் வைத்தாள். எங்கேயோ இருக்கிற ஒருத்தி என் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு எனக்கே வழி சொல்வது போல இருந்தது.

அன்று வீட்டில் அம்மாவுக்கு வீடியோவைக் காட்டி விளக்கினேன். அவள் முழுதும் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன்டி கவி, இது நமக்குத் தோணவே இல்ல?"

அப்பா கட்டிலில் இருந்து குரல் கொடுத்தார். "மலைய எடமா சுத்துனா சாமி குத்தம். ஜாஸ்தி ஆட்டம் போடாதீங்க."

"என்னா குத்தம்? அவருக்கும் ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு கோவிச்சுக்கினு மலையேறிப் போச்சு. பெத்தவ வலி அவருக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "பாத்தீங்கன்னா, அப்பா திட்டமாட்டாருன்னு சொல்லுங்க" என்றார். அண்ணன் போன பிறகு அவர் அவனைப் பற்றிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பௌர்ணமியன்று மத்தியானம் அருண்பிரசாத் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தான். "பாட்டு வந்துடுச்சு கவி. ஒரிஜினல். பாரு, நல்லா ஏமாந்தோம்."

பார்த்தேன். முந்தானை இடது தோளில். திருநீறு வலது கையில். மலை, உலகத்துக்கெல்லாம் இருப்பது போல, வலப்பக்கம்.

"திருட்டு காப்பி போட்டவன், கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சுத் தூக்கிடக் கூடாதுன்னு படத்த எடம் வலமா திருப்பிப் போட்டிருக்கான். எனக்கு அப்பவே சந்தேகம். நான் அடி அண்ணாமலைக்காரன், தெனம் எழுந்தா அந்தப் பக்கத்து மலை மூஞ்சியிலதான் முழிக்கிறேன். மலையோட உருவம் எங்கியோ இடிக்குதேன்னு பாத்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்கல்லாம் அவ்ளோ ஆசையா பேசிக்கினு இருந்தீங்களே" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு திருடன் திருப்பிப் போட்ட படத்தை நம்பி அம்மாவைக் கிளப்பிவிட்டிருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவளைப் பார்த்தால் இன்னும் மோசம். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். படம் தப்பு, அவள் நேராகத்தான் நடந்தாள், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை.

அம்மா பூவைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "அந்த வரி இருக்குதா, மாத்திட்டாங்களா?"

"இருக்குது."

"அப்பறம் என்னாடி. அவ எந்தப் பக்கம் போனா நமக்கென்ன. வா."

ஈசான்ய லிங்கத்தின் அருகே பாதைக்குள் எதிராக நுழைந்தோம். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி, "எதிர்ல போவாதீங்கம்மா" என்றார். "புள்ளையத் தேடறேங்க" என்றாள் அம்மா. அவர் கையை இறக்கி, "ஓரமா போங்க" என்றார். மலையை ஒட்டிய ஓரம் கொஞ்சம் காலியாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் அந்தப் பக்கம் நடப்பார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் இடம் விட்டு நடப்பார்கள். அந்த இடத்தில் நாங்கள் நடந்தோம்.

பிறகு முகங்கள் வந்தன. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் நடந்த அதே சாலைதான், அதே கூட்டம்தான். முதுகாகப் பார்த்தபோது அது வெறும் நெரிசல். இப்போது ஒவ்வொன்றும் ஒரு ஆள். உதடு அசைந்துகொண்டே வருகிற கிழவர். செருப்பைக் கையில் பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வருகிற புதுப்பெண். தோளில் தூங்கும் குழந்தையின் எச்சில் சட்டையில் வழிய, சிரித்தபடி வருகிறவன். எல்லோர் முகத்திலும் எதையோ கேட்கிற ஒரு தவிப்பு. இத்தனை பேர் இவ்வளவு கேட்கிறார்களா, அந்த மலை இத்தனையையும் கேட்டுக்கொண்டா நிற்கிறது என்று மலைத்துப்போனேன். எழில் ஒளித்து வைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் நான் அவனைத் தேடத்தான் வந்தேன். இரண்டு மூன்று தடவை தேடவே மறந்துவிட்டேன்.

குபேர லிங்கம் நெருங்கும்போது ஒரு வயதான அம்மாள் எங்களைக் கண்டதும் நின்று கைகூப்பினாள். சித்தர் பாதையில் எதிரே வருகிறவர்கள் யாரோ என்னவோ என்று நினைத்திருப்பாள். அவள் கும்பிட்டதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா சட்டென்று நின்றுவிட்டாள்.

"கால் வலிக்குதாம்மா?"

"இல்லடி. இத்தன நாளா நான் அவனப் பாக்கணும்னே அலைஞ்சேன். இங்க பாரு, அத்தன பேரும் நம்மளப் பாக்கறாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "அவன் பாத்தா போதும்டி. பாத்துட்டு, வரணும்னா வரட்டும்."

பக்கத்தில் சோடியம் விளக்குக் கம்பம் ஒன்று இருந்தது. அம்மா அதன் கீழே போய் நின்றாள். முகத்து வியர்வையை முந்தானையால் ஒற்றி, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். போட்டோ எடுக்க நிற்கிறவள் போல நிமிர்ந்து, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, விளக்குக்கு நேராக முகத்தைக் காட்டினாள். கூட்டம் அவளைப் பார்த்துக்கொண்டே வந்து, விலகி, கடந்து போய்க்கொண்டிருந்தது.