வேறொரு நாவலின் பதினாறு பக்கங்கள்

என் மருமகளின் முதல் நாவல் அச்சாகி வந்தது. "ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க மாமா, நாளைக்குக் கடைக்குப் போகுது," என்று ஒரு பிரதியை நீட்டினாள். எழுத்தாளர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வேலையை விட்டவள் அவள்.

விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் படித்தேன். விடுமுறைக்கு மலை விடுதி ஒன்றுக்குப் போகிறாள் ஒருத்தி. மழையில் பாதை அடைபடுகிறது. விடுதிக்காரன் சிடுமூஞ்சி, ஆயினும் அகன்ற தோள்கள். இருவருக்கும் பெயரில்லை, பெயர் வைத்தால் வாசகி தன்னையே நாயகியாக எண்ணிக்கொள்ள மாட்டாளாம். பதிப்பாளரின் சட்டம் அது. பக்கத்துக்குப் பக்கம் 'அவள் கண்கள் சிரித்தது'. கண்கள் இரண்டும் சேர்ந்துதானே சிரித்தன? அரைகுறையாய்க் காதில் விழுந்த தொலைபேசிப் பேச்சால் பிணக்கு, விமான நிலையத்தில் சமாதானம். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்ட முடிவுக்கு, சவ்வு மிட்டாய்போல் இத்தனை இழுவை!

நடுவில் நாயகியின் பூனை திடீரென்று குரைத்தது. பதினாறு பக்கங்கள் கழிந்ததும் மீண்டும் பூனையாயிற்று. புத்தகத்தை அந்தப் பக்கங்களில் விரித்து மருமகளிடம் கொடுத்தேன்.

சமையலறையில் நின்றபடியே படித்து முடித்தாள். "நல்லாத்தானே வந்திருக்கு? இந்த மழைக் காட்சியை எழுதறதுக்குள்ள உயிரே போயிடுச்சு மாமா."

"அந்த நாய் யாருடையதும்மா?"

முன்னும் பின்னும் புரட்டினாள். முகம் வெளிறியது. "ஐயோ, இது என்னோடது இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் சிரித்தான். "எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே!"

"நீ வாயை மூடு," என்றேன்.

அவள் பதிப்பாளரை அழைத்து, நாங்களும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"ஆமாம்மா, மூணு நாவல் ஒண்ணா பைண்டிங் ஆச்சா, அதுல ஒரு பாரம், பதினாறு பக்கம், மாறிடுச்சு. நேத்தே பார்த்தேன். ஆனா கதை தடங்கலில்லாம ஓடுதே!"

"நாய் குரைக்கிறதே ஐயா," என்றேன் நான்.

"விடுதி நாய்னு நெனைச்சுப்பாங்க சார். யாரு கவனிக்கப் போறா?"

மருமகள் கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை.

"எழுதின நானே கவனிக்கலியே," என்றாள் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தி, "புத்தகத்தை அனுப்பாதீங்க சார்," என்றாள்.

"சரிம்மா, அந்தப் பாரத்தை மட்டும் மாத்திடறேன்."

கையிலிருந்த நாவலை முதலிலிருந்து புரட்டினாள். எங்கோ ஒரு பக்கத்தில் நின்றாள்; உதட்டைப் பிதுக்கினாள்; மேலே புரட்டினாள். கடைசி அட்டை வந்துவிட்டது.

"வேண்டாம் சார். மிச்சமும் நான் எழுதினதுன்னு சொல்லிக்க வாய் வரல. என் பேர்ல இது வர வேண்டாம்."

மறுமுனையில் பதிப்பாளர் சற்றும் தயங்கவில்லை.

"அதுக்கென்னம்மா, அட்டையில வேற பேரைப் போட்டுக்கிறேன்."