அரை டம்ளர் டீ

1

இந்தக் கதை ஒரு காதில் தொடங்கியது. ஒரு கண்காட்சியில் ஏதோ ஒரு ராஜாவின் எண்ணெய் ஓவியத்துக்குப் பக்கத்தில், அதற்காக முதலில் போட்ட பென்சில் படத்தையும் மாட்டியிருந்தார்கள். ஓவியத்தில் கிரீடம், வாள், மிடுக்கு. பென்சில் படத்தில் பலமுறை அழித்துப் போட்ட காது, கண்ணுக்குக் கீழே தூங்காதவனின் வீக்கம். அந்த ராஜாவை எனக்கு உடனே பிடித்துப்போனது.

தாம்பரம் பக்கம் ராஜாவுக்கு எங்கே போவது? ஊராட்சித் தலைவர் ஜெயகிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டேன். (ஊர்ப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

"தலைவரின் முறுக்கு மீசை கம்பீரமாக —"

வேண்டாம். மீசையில் தொடங்கினால் போஸ்டர் ஆகிவிடும்.

சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஓவியர் தமிழினி, தலைவர் வீட்டு ஹாலில் வரைபலகையை நிறுத்தினாள். புது சமுதாயக் கூடத்தில் மாட்ட அவர் படம் வேண்டும். முதலில் பென்சிலில் ஆளைப் பிடிப்பாள். உட்கார்ந்தவர் அதன் கீழே கையெழுத்துப் போடாமல் வண்ணத்தைத் தொடமாட்டாள். அது அவள் பிடிவாதம்.

தலைவரின் மனைவி அங்காளம்மா டீ கொண்டுவந்தார். தமிழினிக்குத் தளும்பத் தளும்ப, தலைவருக்கு அரை டம்ளர்.

"சாருக்கு மட்டும் ஏன் ஆன்ட்டி பாதி?"

"அவரு அவ்ளோதான் குடிப்பாரு" என்று அங்காளம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது போன் வந்தது. ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டதாக ஏரிக்கரைக் கிழவி கங்கையம்மாள் அழுதாள். தலைவர் மீசையை மறந்தார், மிடுக்கை மறந்தார். "அழாத ஆயா, தோ வந்துகினே கீறேன்" என்றார். அவர் வலது கை நடுங்கியது. இடது கை அதை இறுக்கிப் பிடித்தது.

தமிழினி இரண்டு கைகளையும் வரைந்தாள்.

3

இங்கே அவள்மேல் எனக்கே சந்தேகம். கூலிக்கு வரைபவள் அந்தக் கையை விட்டுவிடமாட்டாளா? அப்படியும் ஒரு பத்தி எழுதினேன். படு பொய்யாக இருந்தது; கிழித்தேன்.

தேர்தல் வருகிறது. நடுக்கம் தெரிந்தால் ஊர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால்தான் அரை டம்ளர்; நிறைந்திருந்தால் சிந்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஊருக்கு முன்னால் அவர் பேனாவைத் தொட்டே மாதக்கணக்காகிறது. இதெல்லாம் அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

முடிவு அ: தலைவர் படத்தைக் கிழிக்கிறார். [மலிவு.]

முடிவு ஆ: ஊரே கைதட்டுகிறது. [அதைவிட மலிவு.]

4

தலைவர் கங்கையம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு, சேற்றுக் காலோடு வந்து படத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கையையும் போட்டுட்டியா?"

"அழிச்சிடட்டுமா சார்?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "அந்த ஆயாகிட்ட பேசுனது இந்த மூஞ்சிதானா?"

"ஆமா சார்."

"இத்தினி வருசமா நான் பாத்ததேயில்ல" என்று கையெழுத்துப் போடப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். பென்சில் முனை காற்றில் அலைந்தது. அங்காளம்மா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார்.

"உடு. ஆடுனா ஆடட்டும்."

எத்தனையோ தலைவர்களைக் கதையில் எழுதிவிட்டேன். இவரைத்தான் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

பென்சில் தாளைத் தொட்டுவிட்டது. கூடத்தில் எந்தப் படத்தை மாட்டினார்கள், தேர்தலில் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊரில் உங்களுக்கும் ஒரு ஓட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.