ஆறாவது யூனிட்

1

இந்தக் கதை மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை. கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி அவள் வாயிலிருந்து பிடுங்கினேன்.

அக்கா ரத்த வங்கியில் டெக்னீஷியன். போன வருடம் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, கடற்படையின் மருத்துவக் கப்பல் ஒன்றில் தன்னார்வலராகப் போய்வந்தாள். டாக்டர் எட்டிப்பார்க்காத தீவுகளுக்குப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்யும் கப்பல்.

2

முதல் தொடக்கம்: புயல் கப்பலைப் புரட்டிப்போட்ட அந்தப் பயங்கர

(இத்தோடு நிறுத்திவிட்டேன். புயலே இல்லையாம். நங்கூரம் போட்ட கப்பல் குளத்தில் நிற்பதுபோல் நின்றதாம்.)

இரண்டாவது தொடக்கம்: கப்பலின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு ஃபிரிட்ஜ், ரத்தம் சோதிக்கும் கருவிகள்.

இது உண்மை. ஆனால் இந்த அறையில் வீரத்தை எங்கே வைப்பது? பேசாமல் சர்ஜனையே நாயகனாக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையும் மறைக்கவில்லை.

3

நடந்தது இதுதான். தீவிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். கழுத்தில் தேங்காய் அளவு கட்டி. படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் ஒன்பது வருடமாக உட்கார்ந்தே தூங்கியவர். காலை பத்து மணிக்கு ஆபரேஷன் தொடங்கியது. பதினொன்றுக்குள் ரத்தம் கொட்டத் தொடங்கிவிட்டது. அவருக்கு ஓ நெகட்டிவ். ஃபிரிட்ஜில் அந்த வகையில் இருந்த இரண்டு யூனிட் ரத்தமும் தீர்ந்தன.

அந்தக் கப்பலில் ஊழியர்களே ரத்த வங்கி. ஏறும்போதே எல்லோரையும் சோதித்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். அக்கா பட்டியலைப் பார்த்து ஓ நெகட்டிவ் உள்ளவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

(சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேப்டன் முதலில் ஓடிவருவதாக எழுதியிருந்தேன். அவர் பி பாசிட்டிவ் என்று சொல்லி அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள்.)

சமையல்காரர் கையில் வெங்காய வாசனையோடு வந்தார். இன்ஜின் அறையிலிருந்து வந்த இருவர் காது அடைப்பானைக் கழற்ற மறந்து, அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். பல் டாக்டரம்மா வந்தார். ஊசியைக் கண்டாலே வெளுத்துப்போகும் மாலுமி ஒருவர், சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினார்.

கப்பல்காரர்களின் ரத்தம் ஆறு யூனிட் ஏறியது, டீச்சர் பிழைத்தார், அவ்வளவுதான் என்று அக்கா முடித்துவிட்டாள்.

4

ஆளுக்கு ஒரு யூனிட். நான் விரல்விட்டு எண்ணினேன்.

"அஞ்சு பேர்தானே சொன்னே?"

அக்கா போர்வையை உதறினாள். "அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். "நீயும் ஓ நெகட்டிவ்தானேக்கா?"

"பட்டியல்ல ஆறாவது பேரு என்னோடது. அதுல என்ன இருக்கு? கூட வேலை பாத்தவரு எடுத்தாரு. எந்திரிச்சு அடுத்த டெஸ்ட்டைப் பண்ணினேன்."

"தலை சுத்தலையா?"

"சுத்துச்சு. அதுக்குன்னு? நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டே பண்ணினேன்."

(இங்கே 'என் அக்கா' என்று தொடங்கி அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்தபின் மிஞ்சியது இரண்டு சொல்தான்: என் அக்கா.)

5

நான்காம் நாள் டீச்சர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பார்ப்பதற்காகவே சமையல்காரர் முதல் மாலுமிவரை ஒவ்வொருவராக வார்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆறாம் நாள் டீச்சர் படகில் ஊர் திரும்பினார். ஆனால் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. ஆபரேஷனில் அடிபட்ட குரல் நரம்பு தேற மாதக்கணக்காகலாம், தேறாமலும் போகலாம் என்றார் சர்ஜன். மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது.

முடிவு அ: டீச்சரின் கணீர்க் குரல் தெருமுனைவரை

முடிவு ஆ: அந்தக் கிசுகிசுப்பைக் கேட்க வகுப்பே மூச்சடக்கி

இரண்டையும் அக்கா படித்தாள். "தெரியாததை எழுதாதே. நாங்க செஞ்சது தெரியும்ல, அதை எழுது."

எழுதிவிட்டேன். மீதி உங்களுடையது. பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறக்கிறார். கடைசி பெஞ்சில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். கேட்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.