பறியைக் கடித்தபடி ஒரு பதில்

ஜெஸ்ஸிக்குப் பதில் தெரியும். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கேள்வியைக் கொண்டுவந்தவர் சென்னை டாக்டர் ஆர்த்தி. பரம்பரைக் கண்நோயில் ஜெஸ்ஸியின் அம்மா மார்கரெட்டுக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. ஜெஸ்ஸிக்கும் அதே நோய்தான். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. இப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி.

“கரு உண்டாகும்போதே அந்த மரபணுவைத் திருத்திட்டா குழந்தைக்கும் வராது, அதோட பிள்ளைங்களுக்கும் வராது. இப்போ அது கிடையாது, சட்டமும் விடாது. ஆராய்ச்சிக்கு உங்க அபிப்பிராயம்தான் வேணும். முடியும்னா செஞ்சிருப்பீங்களா?” என்று ஏரிக்கரையில் வைத்துக் கேட்டார்.

ஆமாம் என்றால், உன்னைப்போல் ஒருத்தி பிறக்கவே வேண்டாம் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இல்லை என்றால் பொய். “வேல கீது டாக்டர்” என்றாள் ஜெஸ்ஸி. ஓலையில் பின்னிய பறிக்கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கையால் இறால் பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் சேற்றில் துழாவும். அகப்பட்டது வாயில் தொங்கும் பறிக்குள் போகும். வேலை முடியும்வரை யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மார்கரெட்டும் பறியைக் கடித்துக்கொண்டு மகளுக்கு அருகில் உட்கார்ந்தாள். இந்த வேலைக்குக் கண் தேவையில்லை.

டாக்டர் ஆர்த்தி கடமை தவறாதவர். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, பதிவு செய்யும் போனை உயர்த்திப் பிடித்தபடி தண்ணீருக்குள் வந்தார்.

“பேச வேணாம். தலையாட்டினா போதும்.”

ஜெஸ்ஸிக்கு அது நல்ல வழியாகப் பட்டது. அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. மேலும் கீழுமாக ஆட்டினாள்.

தலையாட்டல் போனில் பதிவாகாது. டாக்டர் அதன் பக்கத்தில் வாயை வைத்து, “ஜெஸ்ஸி ஆமாம்னு தலையாட்டறாங்க” என்று தெளிவாகச் சொன்னார்.

மார்கரெட்டின் கைகள் நின்றன. பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

“இவ வயித்துல இருக்க சொல்லோ நானும் ஆண்டவராண்ட அதத்தான் கேட்டேன். பாதி குடுத்தாரு. பகல்ல தெரியுது.”

“சாரிம்மா” என்றார் டாக்டர்.

“சாரி இன்னாத்துக்கு? உன் புள்ளையா இருந்தா நீ பண்ணுவியா?”

“எனக்குப் பயம்மா. தப்பாப் போச்சுன்னா பேரப்பிள்ளைங்க வரைக்கும் போகும். அவங்களை யாரும் கேக்கவும் முடியாது. எங்க டாக்டருங்க நிறைய பேர் வேணாம்னுதான் சொல்றாங்க.”

“என்னக்கூடத்தான் யாரும் கேக்கல” என்றாள் மார்கரெட். “அந்த டாக்டருங்களுக்குக் கண்ணு தெரியுது. மெதுவா யோசிக்கட்டும்.”

ஜெஸ்ஸி பறியைக் கடித்தபடியே அழுதாள். அது அவ்வளவு சுலபமல்ல. விம்மல் மார்கரெட்டுக்குக் கேட்டது.

“அழுவாதடி, பறி சாயும். பொறக்கறது எப்படிப் பொறந்தாலும் நான்தான் குளிப்பாட்டுவேன். அதுக்குக் கண்ணு வேணாம்.”

டாக்டர் போனை அணைத்துப் பையில் போட்டார். குனிந்து ஜெஸ்ஸியின் வாயிலிருந்து பறியை வாங்கி, அவள் அழுது முடிக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கமில்லாத கை, சில இறால்கள் தப்பிப் போயின. மார்கரெட் மறுபடியும் பறியைக் கடித்துக்கொண்டு சேற்றில் துழாவினாள்.