தோள் அளவு

"அம்மா, இந்தச் சட்டை யாரோடது?"

ஏழு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. தையல்காரரான அப்பா அம்மாவின் ரவிக்கைக்கு டேப் பிடித்து அளவெடுத்ததே இல்லை; கண்ணாலேயே பார்த்து வெட்டுவார். அந்த ஒரு முறை மட்டும் கை வேறு யாரையோ நினைத்துக்கொண்டு வெட்டிவிட்டது. தோள் பிடித்தது. கை நீண்டு தொங்கியது. அம்மா கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சில வாரங்களில் திரும்பி வந்தார்கள். ஏன் என்று யாரும் பேசவில்லை.

இன்று அப்பா நடு அறைக் கட்டிலில் உயிரற்றுக் கிடந்தார். மகள் அவருக்குக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை.

"மகராசி வந்து எதிர்ல நிக்கிறா பாரு," என்றாள் ஜன்னலோரம் இருந்த அத்தை. "உள்ள கால வச்சா இருக்கு அவளுக்கு!"

"யாரு அத்தை?"

"உங்கப்பன் கடையில காஜா போட்டவ. காஜா மட்டுமா போட்டா!"

மகள் எட்டிப் பார்த்தாள். ஒடுங்கிய தோள், நீண்ட கைகள். இத்தனை வருடம் மனதுக்குள் எத்தனையோ முகங்களை வரைந்து பார்த்திருந்தாள். இது மூக்குக்கண்ணாடி போட்ட, குடை கொண்டுவர மறந்த, சாதாரண முகம்.

சமையலறையில் அம்மா கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ ஏம்மா திரும்பி வந்த?"

"நானா எங்க வந்தேன்? அவ வந்து கூப்பிட்டா."

"அவங்களா?"

"பெரியம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னா. 'வேலைய விட்டுட்டேன், ஊரையும் விட்டுப் போறேன். பிள்ளைக்கு அப்பா வேணும், நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னா. வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுக்கிட்டா. சொன்ன மாதிரியே போயிட்டா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நானா மனசு மாறி வந்தேன்னு நெனச்சாரு. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"எனக்குப் பெருந்தன்மையெல்லாம் கிடையாதுடி. அவ மூஞ்சிய என்னால பார்க்க முடியாது." தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உரக்க, "அண்ணி, மாத்திரை மாடியில இருக்கு. வாங்க, போட்டுட்டுக் கொஞ்சம் சாயுங்க," என்று அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் ஜன்னல் வழியே பின்பக்கம் வரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, போய்ப் பின்கதவைத் திறந்தாள். அந்தப் பெண் செருப்பை வெளியே விட்டு, தலைகுனிந்து வந்தாள்.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேம்மா."

"நிதானமா பாருங்க."

நடு அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே அந்தப் பெண் என்ன சொல்வாள்? அழுவாளா, கோபிப்பாளா? காது கதவை நோக்கிச் சாய்ந்தது. மகள் நகர்ந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தவள், "அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் மழைக்குள் இறங்கிப் போனாள்.

மாடிப்படியில் அத்தை முனகுவது கேட்டது. முழங்கால் வலிக்காரி, இறங்க நேரமாகும். கடவுள் அவ்வளவு அவகாசம் கொடுத்திருந்தார். பின்கதவிலிருந்து கட்டில் வரை ஈரத் தடங்கள். மகள் துணியை எடுத்து மண்டியிட்டாள். அப்பாவின் தலைமாட்டில் மட்டும் இரண்டு பாதங்கள் சேர்ந்தாற்போல் நின்றிருந்தன. அவற்றைக் கடைசியாகத் துடைத்தாள்.